நாய்க்கிண்ண டெண்டர்

அவினாசி சாலை ஓட்டல் ஒன்றில் சென்னகிருஷ்ணன் நடத்திய டெண்டர் வகுப்புக்குக் கயல்விழி போனது மதியச் சாப்பாட்டுக்காகத்தான் என்று அவள் கணவன் அன்புமணி இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறான். பாதி உண்மை. சிங்காநல்லூரில் இருவரும் சேர்ந்து நடத்தும் சின்னப் பட்டறையில் எவர்சில்வர் வாளியும் அண்டாவும் செய்து, கடைக்காரர்களிடம் பேரம் பேசியே அவளுக்கு அலுத்துவிட்டது. மத்திய அரசாங்கத்துக்கே விற்றால் என்ன என்று ஒரு ஆசை.

சென்னகிருஷ்ணனுக்கு மில்லும் தகடு வியாபாரமும் உண்டு. அரசு டெண்டர் எடுக்கச் சொல்லித்தருவதைச் சமூக சேவையாக வைத்திருந்தார். சேவைக்குக் கட்டணமும் வைத்திருந்தார்.

“டெண்டர் பேப்பருதானுங்க வேதம்,” என்றார் மைக்கில். “அதுல இல்லாதது உலகத்துலயே இல்லீங்க. வெள்ளைன்னு போட்டிருந்தா வெள்ளை. காக்கா என்ன கலருன்னு நீங்க வாதாடப்படாது.”

அரசு கொள்முதலில் பெண்களுக்கும் பட்டியல் சாதித் தொழில்முனைவோருக்கும் தனித்தனி ஒதுக்கீடு உண்டு என்று சொல்லும்போது அவர் கண்கள் ஹாலை ஒரு சுற்றுச் சுற்றின. “இங்க ஆராச்சும் இருக்கறீங்களா?”

கயல்விழி கையைத் தூக்கினாள். “எனக்கு ரெண்டும் வருமுங்க.”

சாப்பாட்டு நேரத்தில் ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு அவர் அவள் மேசைக்கே வந்துவிட்டார்.

“ஏனம்மணி, நாஞ் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க. பேரு உங்குளுது, சரக்கு என்னுது. நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாமுங்க. கையெழுத்தப் போட்டுப்போட்டு ஊட்ல நிம்மதியா இருங்க. உங்க பங்கு தானா வந்துருமுங்க.”

“ஊட்ல நிம்மதியா இருக்கறது எனக்குப் பழக்கமில்லீங்க சார்.”

“யோசிச்சுச் சொல்லுங்க அம்மணி. அவசரமில்லீங்க.”

வீடு திரும்பும் பஸ்ஸில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த ஆள் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். இத்தனை ‘ங்க’ போட்டுக் கேவலப்படுத்தினால் என்னதான் செய்வது?

செய்ததெல்லாம் இதுதான். வகுப்பில் கேட்டதை ஒன்றுவிடாமல் நினைவில் வைத்துக்கொண்டு, அரசாங்கக் கொள்முதல் இணையதளத்தில் தன் பட்டறையின் பெயரைத் தானே பதிந்தாள். அன்புமணி செல்போனில் ஓடிபி வருவதற்காக மொட்டை மாடிக்கும் பட்டறைக்கும் ஓடினான். அவன் கீழே வந்து எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் அது ஒவ்வொரு முறையும் காலாவதியானது. கடைசியில் கம்ப்யூட்டரையே மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அவர்களுக்குத் தோதாகக் கிடைத்தது, ஊருக்கு வெளியே இருந்த மத்திய அரசின் மோப்ப நாய்ப் பயிற்சி மையம் ஒன்றின் டெண்டர். சாப்பாட்டுக் கிண்ணங்கள்.

“நாய்க்குப் போயி டெண்டரா?” என்றான் அன்புமணி.

“அது சம்பளத்துக்கு வேலை பாக்கற நாய் மாமா. உங்களையாட்டம் இல்ல.”

டெண்டரில் ‘பயனாளர் சோதனை’ என்று ஒரு நிபந்தனை இருந்தது. கிண்ணத்தின் பயனாளர் நாய். ஆகவே நாய் சாப்பிட்டுக் காட்ட வேண்டும்.

சோதனை நாளன்று மையத்தின் வாசலில் சென்னகிருஷ்ணன் நின்றிருந்தார். மருமகள் ஹர்ஷிணியின் பெயரில் அவரும் போட்டியில் இருந்தார். ஹர்ஷிணி வீட்டில் நிம்மதியாக இருந்தாள்.

உக்கடத்தில் வேறு வேலை முடித்துவிட்டு, மாதிரிக் கிண்ணத்தோடு நேராக வந்து சேர்ந்தான் அன்புமணி. கிண்ணத்துக்குள் மட்டன் பிரியாணி. “மத்தியானத்துக்கு வாங்குனேன். கையில வேற பாத்திரம் இல்ல கண்ணு.”

கயல்விழி பல்லைக் கடித்துக்கொண்டு பிரியாணியைச் செய்தித்தாளில் கொட்டினாள். கிண்ணத்தை வாசல் குழாயில் கழுவினாள். சோப்பு இல்லை.

மையத்தின் கால்நடை மருத்துவர் லாஸ்யா ஆந்திராக்காரர் என்று கேள்விப்பட்டதும் சென்னகிருஷ்ணன் தன் வீட்டுத் தெலுங்கில் குசலம் விசாரிக்க ஆரம்பித்தார். “தமிழிலேயே பேசலாம். நாய்களுக்கு இரண்டும் தெரியாது,” என்றார் லாஸ்யா.

முதலில் சென்னகிருஷ்ணனின் கிண்ணம். கண்ணாடி மாதிரி மின்னியது. வந்த லாப்ரடார் அதில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துக் குரைத்துவிட்டு நகர்ந்துகொண்டது. அடுத்த நாய் வாயை வைத்ததும் மெல்லிய கிண்ணம் கரகரவென்று இழுபட்டுச் சுவருக்கே போய்விட்டது.

அடுத்து கயல்விழியுடையது. நாய்கள் பாய்ந்தன. சாப்பாடு தீர்ந்த பிறகும் நக்கிக்கொண்டே இருந்தன. எடுக்கப் போன காவலரைப் பார்த்து ஒன்று உறுமியது.

சென்னகிருஷ்ணன் குனிந்து மோந்தார். “மேடம், இதுல பிரியாணி வாசம் வருதுங்க!”

கயல்விழிக்கு வாய் முந்திக்கொண்டது. “வாசம் வரப்படாதுன்னு டெண்டர் பேப்பர்ல இல்லீங்க சார். அதுல இல்லாதது உலகத்துலயே இல்லீங்களே.”

காவலர்கள் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார்கள். லாஸ்யா சிரிக்கவில்லை. எல்லாக் கிண்ணங்களையும் சோப்புப் போட்டுத் தேய்க்கச் சொன்னார். வேறு நாய்களைக் கொண்டுவரச் சொன்னார்.

இந்த முறை யாரும் பாயவில்லை. ஒரு கிழட்டு அல்சேஷன் கயல்விழியின் கிண்ணத்தில் நிதானமாகச் சாப்பிட்டது. கனமான அடியும் அதைச் சுற்றிய ரப்பரும் தரையைப் பிடித்துக்கொண்டதால் கிண்ணம் அசையவில்லை. தின்று முடித்துவிட்டு நாய் அதன் விளிம்பிலேயே மோவாயை வைத்துத் தூங்கிப்போனது. பக்கத்தில் சென்னகிருஷ்ணனின் கிண்ணம் மறுபடியும் சுவரைத் தேடிக் கிளம்பியது.

“பயனாளருக்குத் திருப்தி,” என்று லாஸ்யா எழுதிக்கொண்டார்.

விலைப்புள்ளிகளைத் திறந்தபோதும் கயல்விழியுடையதே குறைவாக இருந்தது. ஆர்டர் வந்த அன்று அவள் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிரியாணிதான் ஜெயித்தது என்று அன்புமணி தெருவெல்லாம் சொன்னான்.

ஆர்டருக்குத் தகடு நிறைய வேண்டியிருந்தது. பல வியாபாரிகளிடம் விலை கேட்டாள், சென்னகிருஷ்ணனிடமும். பார்த்தால் அவர் விலைதான் குறைவு. கோபத்துக்காக அதிக விலை கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

அவரே பட்டறைக்கு வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மிஷின் சத்தம் ஓயும்வரை காத்திருந்தார்.

“சரக்கு எப்பங்க அனுப்பட்டு?”

“தகட்டு கனத்தைச் சோதிச்சுப்போட்டுத்தானுங்க இறக்குவேன்.”

“தாராளமா சோதிச்சுக்குங்க அம்மணி.”

அன்புமணி டீ கொண்டுவந்து நீட்டினான். சென்னகிருஷ்ணன் டம்ளரைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். “வேண்டாமுங்க. எனக்குச் சக்கரை இருக்குது.”

“சக்கரை போடாத டீதானுங்க,” என்றாள் கயல்விழி.

அவர் வாங்கிக் குடித்தார்.