சிவப்புத் தகரக் குடை

என் கடையின் சிவப்புக் குடையை நான் கழற்றியது வெள்ளிக்கிழமை. வேலாயியின் தங்கை பதுளைக்கு வந்து தொலைந்துபோனது ஞாயிற்றுக்கிழமை. நடுவே ஒரே ஒரு நாள்.

குடை என்றால் தகரத்தில் வெட்டிச் சாயம் பூசியது. துணியும் கம்பளியும் விற்கும் என் கடைக்கு முன்னால், இரும்புக் கம்பியில் தெருவுக்கு மேலே தொங்கும். தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்கு எழுத்துத் தெரியாது, தாஸிம் என்ற என் பெயரும் தெரியாது. 'குடைக் கடை' என்றால் தெமோதரை வரைக்கும் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மார்கழியில் தேயிலைப் பெட்டி ஏற்றிவந்த வண்டியொன்று யாருடைய பலகையிலோ இடித்து, மாடு மிரண்டது. உடனே நகர போர்டில் சட்டம் போட்டார்கள். கடையோரச் சாக்கடைக் கானைத் தாண்டித் தெருவுக்கு மேலே எதுவும் நீட்டக் கூடாது. பலகை சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும், கடைக்காரர் பெயர் எழுத்தில் இருக்க வேண்டும். தை முடியத் தவணை. மற்றவர்கள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தார்கள். நான்தான் முந்திரிக்கொட்டை. போர்டு ஓவசியரிடம் நல்ல பேர் வாங்கவேண்டுமென்று முதல் ஆளாகக் கழற்றி, பெயர்ப்பலகையை அடித்துவிட்டேன். "நல்ல காரியம், தாஸிம்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் கிடைத்த லாபம்.

ஞாயிறு மத்தியானம் வேலாயி வந்தாள். கொழுந்தெடுப்பவள், மாதம் ஒருமுறை தோட்டத்திலிருந்து இறங்கி வருவாள். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"கொடை எங்கங்க மொதலாளி?"

"போர்டுல எடுக்கச் சொல்லிட்டாங்க புள்ள."

"என் தங்கச்சி இராக்கம்மா இன்னைக்கி ஊர்ல இருந்து வாரா. பண்டாரவளையில ரயில விட்டு எறங்கி, கூட்டத்தோட நடந்து காலையிலயே வந்துருக்கணும்."

"யாரையாவது கேட்டு வந்துருவா, இரு."

"கேக்க மாட்டா. நாந்தான் சொல்லிவிட்டேன். வாயத் தொறந்தா புதுசுன்னு தெரிஞ்சு எவனாச்சும் ஆள் புடிக்கிற கங்காணி வேற தோட்டத்துக்கு இழுத்துட்டுப் போயிருவான், யார் கூப்புட்டாலும் பேசாத, செவப்புக் கொடைக்குக் கீழ போயி நில்லுன்னு. அவ சொன்ன சொல்லு கேக்குறவ."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையில் பச்சைத் துணி மூட்டையோடு ஒருத்தி கடை கடையாக மேலே பார்த்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தாள். மறுபடியும் போனாள். மூன்றாம் முறை என் வாசலுக்கு நேரே நின்று, கம்பி பிடுங்கிய ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வியாபாரம் வருகிறது என்று நினைத்து, "வா புள்ள, என்ன வேணும்?" என்று நான் கூப்பிட்டேன். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு வேகமாகப் போய்விட்டாள்.

"நீங்க யாரையும் பாத்தீங்களா மொதலாளி?"

"இல்ல" என்றேன்.

சந்தியில் தேத்தண்ணிக் கடைக்காரர்தான் பார்த்திருக்கிறார். பச்சை மூட்டைக்காரி ஒருத்தி, பசறைப் பாதையில் போன ஒரு கூட்டத்தின் பின்னால் போனாளாம். எந்தக் கங்காணி, எந்தத் தோட்டம் என்று அவருக்குத் தெரியவில்லை. வேலாயி அழவில்லை. எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. கால் மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, அப்படித்தான் இருந்தது. வழக்கம்போல் துணி அளந்து கிழித்துக்கொண்டிருந்தேன்.

தை முடிந்தது. ஒருவரும் பலகையைக் கழற்றவில்லை. போர்டில் தவணையைச் சித்திரை வரைக்கும் நீட்டினார்கள். ஓவசியரிடம் வாங்கிய பேர் போய்விடுமே என்று நான் குடையை மறுபடி மாட்டவில்லை.

இப்போது மாதம் ஒருமுறை இல்லை, ஒவ்வொரு ஞாயிறும் வேலாயி வருகிறாள். உள்ளே கிடக்கும் தகரக் குடையை எடுத்துக்கொண்டுபோய், என் வாசலுக்கு நேரே தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கை கடுத்தால் மாற்றிக்கொள்கிறாள். ஓவசியர் பார்த்துவிட்டு, ஆள் கையில் பிடித்து நிற்பதைத் தடுக்கச் சட்டமில்லை என்று சொல்லிப் போனார். சாயங்காலம் குடையைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டு, "வாரேங்க மொதலாளி. நீங்க நல்லா இருக்கணும்" என்கிறாள்.

நான் கூப்பிட்டதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.