மேட்டில் உப்பிய முறுக்குப் பாக்கெட்

"இறங்கிட்டேன்மா" என்று மகளிடமிருந்து செய்தி வந்தபோது, ஞானமேரி சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கலியமூர்த்தியின் கடைக்கு முறுக்குப் பாக்கெட் போட்டுக்கொண்டிருந்தாள். கடலூர் பழைய நகரில் வீட்டிலேயே சுட்டு, பாக்கெட்டின் வாயை மெழுகுவர்த்திச் சூட்டில் தானே ஒட்டி, பஸ்ஸில் கொண்டுவந்து கொடுப்பது அவள் பிழைப்பு. மகள் ஆரோக்கிய அனிதா கன்னியாஸ்திரி, நர்ஸ் படித்தவள். பொலிவியா நாட்டில் லா பாஸ் என்கிற ஊரில் வேலை செய்யச் சபை அவளை அனுப்பியிருந்தது. அது பூமியில் எந்தப் பக்கம் என்று ஞானமேரிக்குத் தெரியாது. விமானம் இறங்கிவிட்டதல்லவா, போதும். சிலுவை போட்டுக்கொண்டு வீடியோவில் கூப்பிட்டாள்.

அங்கே அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. அனிதாவின் முகம் வெளுத்திருந்தது. அவளுக்குப் பின்னால் கண்ணாடியில் மழை வழிந்தது.

"தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குதும்மா. வாந்தி வேற. கூட்டிட்டுப் போக ஒரு சிஸ்டர் கார்ல வந்திருக்காங்க. கீழ ஊருக்கு இறங்கணும்."

"இன்னும் என்னாத்த இறங்குறது? அதான் இறங்கிட்டேன்னியே?"

"இங்க ஏர்போர்ட்டு மேட்டுல இருக்கும்மா. ஊரு கிண்ணத்துக்குள்ள வச்சாப்புல கீழ கெடக்குது."

ஞானமேரிக்கு இது புதுசு. மழையில் முங்கிப்போன மீனம்பாக்கத்தைத்தான் அவள் டி.வி.யில் பார்த்திருக்கிறாள். ஊரைப் பள்ளத்தில் விட்டுவிட்டு விமானத்தை மட்டும் மேட்டில் கொண்டுபோய் நிறுத்துகிற புத்திசாலி எவன்? அவனைப் பார்த்தால் கும்பிடலாம் என்று தோன்றியது.

"அப்ப அங்கயே இருடி. மழை கொட்டுறப்ப எவளாவது பள்ளத்துல போயி இறங்குவாளா? மழை உட்டதும் போய்க்கலாம்."

அவள் அப்படிச் சொன்னதில் தப்பே இல்லை. சுனாமி வந்த காலையில் அவர்கள் வீடு கடலை ஒட்டி இருந்தது. சின்னப் பெண்ணாக இருந்த அனிதாவை, "ஏறு, ஏறு" என்று கத்தியபடியே ஒரு மாடிப்படியில் இழுத்துக்கொண்டு ஓடினாள். பின்னாலேயே வந்த கணவர் மரிய ஜோசப் கடைசிவரை ஏறி வரவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் மேடு என்றால் உயிர், பள்ளம் என்றால் தண்ணீர்.

அனிதாவும் "சரிம்மா" என்றாள். அவளும் அதே படியில் ஏறித் தப்பியவள்தானே.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அழைத்தாள். இப்போது உதடு நீலம் பாரித்திருந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது.

"ஆக்சிஜன் வச்சாங்கம்மா... எடுத்தா திரும்ப முட்டுது. கீழ போனாத்தான் சரியாவும்கிறாங்க. எனக்கும் தெரியுது... ஆனா அந்த மழையப் பாத்தா கால் வரமாட்டேங்குது."

ஞானமேரி போனைக் கண்ணருகே கொண்டுபோனாள். அப்போதுதான் அனிதாவின் மடியில் திறந்து கிடந்த பை கண்ணில் பட்டது. உள்ளே ஒரு பாக்கெட் தலையணை மாதிரி உப்பிக்கொண்டிருந்தது.

"அது என்னடி? நான் குடுத்த முறுக்கா? கெட்டுப்போச்சா?"

கலியமூர்த்தி கல்லாவை விட்டு எட்டிப் பார்த்தார்.

"கெடலக்கா. நாங்க ஊட்டி போனப்ப சிப்ஸ் பாக்கெட்டு இப்பிடித்தான் உப்பிக்கிச்சு. மேல போவப் போவ வெளிய காத்து கம்மியாயிடும், உள்ள இருக்கிறது முட்டும். மேட்டுப்பாளையம் இறங்கினதும் பழையபடி ஆயிடுச்சு."

ஞானமேரி கடையில் தொங்கிய பாக்கெட்டைப் பார்த்தாள். பிறகு திரையில் இருந்ததைப் பார்த்தாள். இரண்டும் அவள் கையால் ஒட்டியவைதான்.

"காத்து கம்மின்னா, மூச்சுக்கும் அதே காத்துதானே?"

"வேற எதுக்கா?"

மகளை மேடுதான் கொல்கிறது, அந்த மேட்டில் இருக்கச் சொன்னதும் தான்தான்.

"இறங்குடி!" என்று பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். "தண்ணி வராது. அம்மா சொல்றேன். மழைய பாக்காத, கண்ண மூடிக்க. இறங்கு, இறங்கு!"

தொடர்பு அறுந்தது. கடலூர் பஸ் வந்தது, போனது. அடுத்ததும் போனது. கலியமூர்த்தி வாங்கிக் கொடுத்த டீ ஆறி ஆடை கட்டியது. ஞானமேரி போனையே பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் ஒரு படம் வந்தது. பாக்கெட் கிழிந்திருந்தது, பாதி முறுக்கைக் காணோம். கீழே அனிதா எழுதியிருந்தாள்: "இப்பத்தான்மா இறங்குனேன். மூச்சு வருது. பசிக்குது."

"கடலூர், கடலூர்! ஏறு, ஏறு!" என்று கண்டக்டர் கூவினார். "ஏறும்மா, என்னா நின்னுக்கிட்டு?"

"இருப்பா" என்றாள் ஞானமேரி. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, அழுது தீர்த்துவிட்டுத்தான் ஏறினாள்.