எதிர்வெயில்

மலைமேல் திருப்புலி நாட்டு ராக்கம்மாளுக்குத் தன் மருமகள் சுகுணாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. சோளக்காடு ஊர்ச் சந்தையில் பலாச்சுளையும் மிளகும் விற்றுக்கொண்டே, பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களிடமெல்லாம், "ஏரிக்குப் போனீங்கன்னா பாருங்க, அங்க படகு ஓட்டறது என்ற மருமவதானுங்க. நீச்சல்ல ஆம்பளைங்களே அவளுக்குப் பின்னாலதான்," என்பாள். பக்கத்துக் கடை சங்கீதா, "ஆரம்பிச்சாச்சா!" என்று சிரிப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பழம் சீக்கிரமே விற்றுவிட்டது. மருமகளோடு சேர்ந்து வீட்டுக்குப் போகலாம் என்று ராக்கம்மாள் ஏரிக்கு வந்தாள். சாயங்கால வெயில் எதிரே சரிந்துகொண்டிருந்தது. கரையில் கால் வைக்கும்போதே கூச்சல் கேட்டது.

மலையடிவாரக் காரவள்ளியிலிருந்து வந்திருந்த கொத்தனார் முரளியும் அவன் மனைவி கவிதாவும் மிதிபடகில் நடு ஏரிக்குப் போயிருந்தார்கள். போட்டோவில் புடவை தெரியட்டும் என்று மிதவை உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கவிதா எழுந்து நின்றாள். படகு ஒருக்களித்தது. அவள் தண்ணீரில் விழுந்துவிட்டாள். முரளிக்கு நீந்தத் தெரியாது. காற்று படகை வேறெங்கோ தள்ளிக்கொண்டு போக, அவன் இங்கேயும் அங்கேயும் கையைக் காட்டி அலறினான்.

கரையிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு சிற்றலையிலும் ஒரு சூரியன். ஏரி முழுக்கத் தகரத்தைக் கொட்டி வைத்ததுபோல் மின்னியது. படகோட்டிகள் இருவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்த வெளிச்சத்துக்குள் நேராகத் துடுப்புப் போட்டார்கள்.

சுகுணா நேராகப் போகவில்லை. படகைக் கரையோரமாக வளைத்து, மிதிபடகையும் தாண்டி மேற்கே ஓட்டினாள்.

"விழுந்தது நடுவுல, இவ எங்க போறா? பயந்துட்டாளா?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

ராக்கம்மாள் அவர் பக்கம் திரும்பி, "அவ போறான்னா காரணம் இருக்குமுங்க. சத்தம் போடாம நில்லுங்க," என்றாள்.

சுகுணா படகைத் திருப்பினாள். இப்போது வெயில் அவள் முதுகில் விழுந்தது. கரையிலிருந்து பார்த்தபோது கண்ணைப் பறித்த அதே தண்ணீர், இங்கிருந்து பச்சையாக, உள்ளே பார்க்க விடும்படி இருந்தது. துடுப்பை நிறுத்தி, மெதுவாகப் பார்வையை ஓட்டினாள். மிதிபடகுக்குச் சற்றுத் தள்ளி, தண்ணீருக்கடியில் மஞ்சளாக ஏதோ அசைந்தது. புடவை.

நாலே இழுப்பில் அங்கே போய்ப் பாய்ந்தாள்.

அவள் மேலே வந்தபோது கவிதாவின் தலை அவள் தோளில் கிடந்தது. மற்றப் படகோட்டிகள் வந்து இரண்டு பெண்களையும் தங்கள் படகில் ஏற்றிக்கொண்டு, முரளியின் மிதிபடகையும் கரைக்கு இழுத்து வந்தார்கள். கரையில் கிடத்தி, சுகுணா கவிதாவின் நெஞ்சை விடாமல் அழுத்தினாள், மூச்சு ஊதினாள், மறுபடி அழுத்தினாள். கவிதா இருமினாள். வாய் வழியாகத் தண்ணீர் வந்தது. முரளி மண்ணில் உட்கார்ந்து குழந்தைபோல அழுதான்.

ஆம்புலன்ஸ் போன பிறகு ராக்கம்மாள் தன் துண்டால் மருமகளின் தலையைத் துவட்டினாள்.

"ஏன் கண்ணு சுத்திப் போன? எனக்கு உசுரே போயிருச்சு."

"எதிர்வெயில்ல தண்ணி வெளிச்சத்தை மூஞ்சியிலயே அடிக்குமுங்க அத்தை. காத்தடிச்சா அந்த மினுமினுப்பு ஏரி முச்சூடும் பரவிரும். வெயிலை முதுகுல வாங்கிட்டா உள்ள தெரியும். உச்சி வெயில்ல தண்ணி அசையாம இருந்தா அடி மண்ணே தெரியும். மேகம் போட்டா வானம் மட்டுந்தான் தெரியும். தெனமும் பாக்கறேன் இல்லீங்களா?"

ராக்கம்மாள் அந்த ஈரத்தலையை இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் கவிதா தேறி ஊர் திரும்பினாள். அடுத்த வாரத்திலிருந்து படகுத்துறையில் ஒரு புது வழக்கம் வந்தது. சாயங்காலமானால் ஒரு படகோட்டி மேற்குக் கரையில், வெயிலுக்கு முதுகு காட்டி, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். முதல் நாள் அந்த இடத்தில் உட்கார்ந்தவள் சுகுணா.