எழுவாய் தேவை

அகராதி வேலையில் நமக்குப் பிடித்த சொல்லைக் கேட்டு வாங்க முடியாது. அகரவரிசையில் பங்கு போட்டுக் கொடுப்பார்கள், நம் தலையில் எது விழுகிறதோ அதுதான். பக்கத்து மேஜைக்காரிக்கு அன்று ‘அம்ப்ரெல்லா’ விழுந்தது. குடை என்று எழுதி, மழைக்கு ஒரு வாக்கியம், வெயிலுக்கு ஒரு வாக்கியம் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள். எனக்கு விழுந்தது ‘அண்டர்டேக்’. போதாக்குறைக்குக் காலையிலிருந்தே இடுப்பு வலி.

பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆங்கில-தமிழ் அகராதி அது. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் எழுதி, ஆங்கிலத்தில் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் போட்டு, கீழே தமிழிலும் தர வேண்டும். ‘அண்டர்டேக்’ பார்க்கச் சாது, ஆனால் இடத்துக்கு இடம் ஆளை மாற்றும் சொல். பயணம், ஆராய்ச்சி என்று வந்தால் ‘மேற்கொள்’. ஒரு வேலை என்று வந்தால் ‘பொறுப்பேற்றுக்கொள்’. பின்னால் இன்னொரு வினை வந்தால், ‘செய்வதாக உறுதி கொடு’. கொஞ்சம் விறைப்பான சொல்லும்கூட. கடைக்குப் போய்த் தக்காளி வாங்கி வந்ததை யாரும் இந்தச் சொல்லைப் போட்டுச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள்.

பொருள் எழுதுவதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. இத்தனை வருஷம் இதில்தான் குப்பை கொட்டியிருக்கிறேன். மதியத்துக்குள் வாக்கியங்களையும் முடித்து பதிப்பாசிரியரின் மேஜையில் வைத்துவிட்டேன்.

எங்கள் ஆசிரியருக்கு ‘கமா’ என்று பெயர். அவருக்கு அது தெரியாது. மூச்சு விடுகிற இடத்திலெல்லாம் கமா போடுவார், மூச்சு விடாத இடத்திலும் போடுவார். மற்றபடி தங்கமான மனிதர். அரை மணியில் என் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

“பொருள் எல்லாம் நல்லா வந்திருக்கு மேடம். வாக்கியம்தான் கொஞ்சம் பாருங்க.”

“தப்பா இருக்கா சார்?”

“தப்பு இல்ல. நீங்களே படிச்சுப் பாருங்களேன்.”

படித்தேன். ‘அக்கா வீட்டு வேலை முழுவதையும் ஏற்றுக்கொண்டாள்.’ ‘மூத்த மகள் தாயைக் கவனித்துக்கொள்வதாக உறுதி கொடுத்தாள்.’ ‘அந்தப் பெண் தன் சக்திக்கு மீறிய வேலையை ஏற்றுக்கொண்டாள்.’ ‘இந்தப் பொறுப்பை ஏற்கும்படி அவளை யாரும் கேட்கவில்லை.’ இன்னும் இரண்டு இருந்தன. அவையும் அவள்தான்.

“ஒரு ஆம்பளையாவது வேணாமா?” என்றார் கமா. “அரசாங்கம், கம்பெனி, டாக்டர், ஏதாவது போடுங்க. இத படிக்கிற பையன், இது பொண்ணுங்க மட்டும் செய்யற வினைச்சொல்லுன்னு நெனச்சுக்கப் போறான்.”

அவர் கேலியாகத்தான் சொன்னார். பக்கத்து மேஜைக்காரி சிரித்தாள், நானும் சிரித்து வைத்தேன். அவர் போன பிறகு எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. வீட்டுக் கதையை யாரிடமும் சொல்லாதவள் நான். ஆறு வாக்கியத்தில் சொல்லி, அதை அச்சுக்கும் அனுப்பப் பார்த்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். அம்மா படுக்கையில் விழுந்தபோது அவளையும் அப்பாவையும் என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். தம்பிக்குப் பிள்ளைகள் படிப்பு, தங்கைக்கு மாமியார். நான் தனி ஆள், ஆகவே எனக்குக் குடும்பம் கிடையாது என்பது குடும்பத்தின் தீர்மானம். பல வருஷம் அம்மாவைத் தூக்கி, திருப்பி, கழுவி, என் முதுகுத்தண்டில் ஒரு வட்டு நழுவியது. கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அம்மா கனமா, கனமில்லையா என்று அவரிடம் நான் கேட்கவில்லை. போன வருஷம் அம்மா போய்விட்டாள். அப்பா, பூட்டி வைத்திருந்த தன் பழைய வாடகை வீட்டுக்கே திரும்பிப் போனார். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அன்று நான் கதவைச் சாத்திக்கொண்டு சாயங்காலம் வரை தூங்கினேன். இப்போது அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆப்பரேஷன் முடிந்து, ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இனிமேல் அவரால் தனியாக இருக்க முடியாது.

கமா கேட்டபடி ஆண்களைப் போட்டு எழுத உட்கார்ந்தேன். ‘தம்பி நீண்ட பயணம் ஒன்றை மேற்கொண்டான்.’ அது பேனாவிலிருந்து தானாக வந்தது. ‘தம்பி புதிய தொழில் ஒன்றை மேற்கொண்டான்.’ அதுவும் வந்தது. மூன்றாவதாக, ‘தம்பி தந்தையைப் பார்த்துக்கொள்வதாக உறுதி கொடுத்தான்’ என்று எழுதிவிட்டு, யாரோ ஒருவர்மேல் அவதூறு எழுதியது போல முழித்தேன். அகராதி வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டியதில்லை. இலக்கணம் சரியாக இருந்தால் போதும். கமா அதைப் படித்துவிட்டு ஒரு கமா மட்டும் சேர்த்தார்.

நான்கு மணிக்குத் தங்கை போன் செய்தாள். “அக்கா, அப்பாவ நாளைக்கு அனுப்பறாங்களாம். சாயங்காலம் தம்பியும் வரான். நீயும் வந்துடு, என்ன? நீ வந்தாத்தான் ஒரு முடிவாகும்.”

நான் வந்தால் என்ன முடிவாகும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தியது கிடையாது. அதுதான் இதில் கொடுமை. எல்லோரும் பேசாமல் இருப்பார்கள். எனக்கு அந்த அமைதி பொறுக்காது. ‘சரி, நான் பாத்துக்கறேன்’ என்று வாயைத் திறந்துவிடுவேன். உடனே மற்ற இரண்டு பேருக்கும் மூச்சு வரும். தம்பி ‘அக்கா மாதிரி வருமா’ என்பான்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இந்தத் தடவை வாயைத் திறப்பதில்லை என்று அங்கே உட்கார்ந்து முடிவு செய்தேன். சண்டை போடத் தெம்பில்லை, நியாயம் பேசவும் தெம்பில்லை. சும்மா இருப்பது ஒன்றுதான் என் கையிலிருந்தது. இன்னொரு முறை ஒப்புக்கொண்டால் நானும் ஒரு கட்டிலில் போய்த்தான் விழுவேன். அப்போது என்னைப் பார்க்க ஓர் அக்கா கிடையாது.

அப்பாவின் கட்டிலருகில் ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. தங்கை எழுந்து எனக்குக் கொடுத்தாள். தம்பி கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஜன்னலில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுவரோரம் புது வாக்கர், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் நின்றது. அப்பா இளைத்திருந்தார். யாரோ சவரம் செய்துவிட்டு மோவாயில் ஒரு பக்கம் மறந்திருந்தார்கள்.

“சாப்டியாம்மா?” என்றார்.

“சாப்டேன்ப்பா.”

நர்ஸ் வந்தாள். சின்ன வயசு, ஆனால் குரலில் அவசரம். “காலைல டிஸ்சார்ஜ். பேஷண்ட்ட யார் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்க? அவங்க மட்டும் முன்னாடி வாங்க. எப்படித் தூக்கணும், எப்படித் திருப்பணும்னு ஒரு தடவ காட்டிடறேன்.”

அந்த அமைதி வந்தது. எனக்குப் பழகிய அமைதி. தங்கை என்னைப் பார்த்தாள். தம்பி போனிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். அப்பாவும் என்னைத்தான் பார்த்தார். நான் வாக்கரைப் பார்த்தேன். தொண்டை வரைக்கும் வந்த ‘சரி’யை எச்சிலோடு சேர்த்து விழுங்கினேன்.

“அக்கா...” என்று இழுத்தாள் தங்கை.

நான் திரும்பவில்லை. அடுத்த கட்டில்காரர் இருமினார். நர்ஸ் கையுறையை மாட்டிக்கொண்டு நின்றாள். இவ்வளவு நீளமாக எங்கள் வீட்டில் யாரும் மௌனமாக இருந்ததில்லை, ஏனென்றால் நான் எப்போதும் சீக்கிரமே அதை முடித்துவிடுவேன்.

“எனக்கே காட்டும்மா,” என்றார் அப்பா நர்ஸிடம். “நானே என்னப் பாத்துக்கறேன்.”

சொன்னவர் போர்வையை விலக்கி, ஆப்பரேஷன் செய்த காலை இரண்டு கையாலும் பிடித்துக் கட்டிலுக்கு வெளியே இழுத்தார். முகம் கோணியது. என் உடம்பு நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டது. கால் தொங்கியதோ தம்பி பக்கம். போனைப் படுக்கையில் போட்டுவிட்டு அவன் பாய்ந்து பிடித்தான்.

பிடிக்கத் தெரியாமல் பிடித்தான். கணுக்காலை ஒரு கையாலும் வேட்டியை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு, என்ன செய்வது என்று என்னைப் பார்த்தான். நான் மறுபடி உட்கார்ந்தேன்.

“அப்படி இல்ல சார்,” என்றாள் நர்ஸ். “முழங்காலுக்குக் கீழ ஒரு கை குடுங்க. இன்னொரு கை குதிகால்ல. ம், மெதுவா. பாருங்க, வலிக்கல அவருக்கு. நீங்கதான் பாத்துக்கப் போறீங்க, இல்லையா? வெளில வாங்க, மருந்து எப்படிக் குடுக்கணும்னும் சொல்லிடறேன்.”

தம்பி அப்பாவின் காலைப் பிடித்தபடியே தங்கையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். பிறகு தன் கையிலிருந்த காலைப் பார்த்தான். அவனுக்கு வியர்த்துவிட்டது.

“ம்,” என்றான்.

அவ்வளவுதான். அகராதியில் போடக்கூடிய வாக்கியம் எதுவும் அங்கே யார் வாயிலிருந்தும் வரவில்லை. காலை மெல்லக் கட்டிலில் வைத்துவிட்டு நர்ஸின் பின்னால் அவன் போக, தங்கையும் என்னைத் திரும்பிப் பாராமல் அவனோடு போனாள். கோபமாகத்தான் இருக்கும். ஜெயித்துவிட்டது போல இருக்கும் என்று பஸ்ஸில் நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. கை கால் எல்லாம் ஓய்ந்து, யாராவது படுக்கச் சொன்னால் அந்தத் தரையிலேயே படுத்திருப்பேன்.

அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நீ சொல்லிடுவேன்னு பாத்துட்டே இருந்தேன்,” என்றார்.

“முடியலப்பா.”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“உங்கம்மாவத் தூக்கி உக்கார வெக்கறப்போ உதட்டக் கடிச்சுப்ப. ஒரு கையால இடுப்பப் புடிச்சுட்டு, இன்னொரு கையால தூக்குவ. நான் அங்கதான் நாற்காலில உக்காந்திருப்பேன். பாத்துட்டுத்தான் இருந்தேன்.”

அப்பா எதையும் கவனிப்பதில்லை என்று நினைத்துத்தான் அத்தனை வருஷத்தையும் நான் தாங்கியிருந்தேன். ஆண் பிள்ளை, வயசானவர், இதெல்லாம் அவர் கண்ணில் படாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அதுவும் போயிற்று. கோபம் வந்தது, அழுகையும் கூடவே வந்தது.

“ஒரு தடவையாவது எழுந்து வந்து ஒரு கை குடுத்திருக்கலாமேப்பா,” என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன்.

“குடுத்திருக்கலாம்,” என்றார்.