கூடத்தில் இரண்டு ராஜாக்கள்

தனிக்குடித்தனத்தில் அந்த மெக்கானிக் தங்கமான புருஷன். சமைப்பான், பாத்திரம் தேய்ப்பான், மனைவியின் யூனிஃபார்முக்கு இஸ்திரிகூடப் போடுவான். அவனுடைய அப்பாவும் அம்மாவும் வந்து கூடவே தங்கிய நாளிலிருந்து மனுஷன் சோபாவை விட்டு அசையவில்லை. கேட்டால், “அப்பா பாக்குறார்ல?” என்று முணுமுணுப்பான். அடடா, என்ன கூச்சம்!

ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் சோதிக்கும் அவன் மனைவிக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. சூப்பர்வைசர் பரீட்சை நெருங்கிவிட்டது. படிக்கிற சாயங்காலத்தையெல்லாம் அடுப்படி விழுங்கியது. இந்தத் தடவை கோட்டை விட்டால், அவளிடம் வேலை பழகியவளே நாளைக்கு அவளை அதிகாரம் பண்ணுவாள்.

ஒருநாள் மாமியாரும் அவளும் அடுப்படியில் அல்லாடிக்கொண்டிருக்க, கூடத்திலிருந்து மாமனார் குரல் கொடுத்தார்.

“வெங்காயம் தீயுதும்மா! அடுப்பைக் குறைச்சு, கொஞ்சம் தண்ணி தெளி.”

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“மாமாவுக்கு எப்படி அத்தை தெரியும்?”

“ஊர்ல எங்க வீட்டுல அவர்தானே சமையல்! நான் மத்தியானமெல்லாம் நல்லாத் தூங்குவேன். இங்க புள்ளை முன்னால கரண்டி புடிக்க வெக்கமாம்.”

அட கஷ்டகாலமே! அப்பனுக்குக் கூச்சப்பட்டு மகன், மகனுக்குக் கூச்சப்பட்டு அப்பன். இடுப்பொடிவது என்னவோ பெண்கள் இருவருக்கும்.

மறுநாள் மாமியார் தன் புருஷனிடம், “பையன் இன்னைக்கு லேட்டா வருவான், நாங்க கடைக்குப் போறோம்” என்றாள். மருமகள் தன் புருஷனுக்கு போன் போட்டாள். “அத்தை, மாமா ரெண்டு பேரும் என்கூட வெளியே வர்றாங்க. சிங்க் நிறையப் பாத்திரம் கிடக்குங்க!”

பிறகு மாமியாரும் மருமகளும் போய் அடுப்படியின் பின்பக்க ஜன்னலுக்கு அடியில் பதுங்கினார்கள். மாமனார் லுங்கியை மடித்துக்கட்டி, பாடிக்கொண்டே தேய்த்தார். சட்டைக் கையைச் சுருட்டியபடி உள்ளே வந்த மகன் அப்படியே நின்றுவிட்டான்.

“நீ பாத்துட்டேன்னு உங்கம்மாகிட்ட சொல்லிடாதேடா.”

“நீங்களும் அவகிட்ட மூச்சு விடாதீங்கப்பா. தள்ளுங்க, நான் கழுவுறேன்.”

அன்றிலிருந்து சாயங்காலமானால் போதும், “வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்காதீங்க, காத்தாடப் போயிட்டு வாங்க” என்று இரண்டு ராஜாக்களும் பெண்களைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறைதான். பூங்கா பெஞ்சில் மருமகள் புத்தகத்தை விரித்தால் விளக்குப் போடும்வரை நிமிர மாட்டாள். பக்கத்திலேயே மாமியார் கண்ணயர்வாள்.

பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் பெஞ்சில் மாமியார் தூங்கவேயில்லை. மருமகளின் முழங்கையைத் தொட்டுக் கவலையோடு கேட்டாள்.

“இதுல பாஸாயிட்டா, அடுத்தது என்ன பரீட்சைம்மா இருக்கு?”