ககன்வீருக்குக் கண்ணீர் அஞ்சலி

சயான் சிக்னலில் ஆட்டோ நின்றே போய்விட்டது. விஜயராணியின் கையிலிருந்த போன் மட்டும் நிற்கவில்லை. மறுபடியும் அம்மாதான்.

"ஏட்டி, போய்ச் சேந்தியா இல்லியா? பேராச்சிய நாங்குநேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாவளாம். முத்தத்துலயே மயங்கி விழுந்துட்டாளாம். எட்டு மாசம்ட்டி! பிள்ளைக்கு ஒண்ணுன்னா நீ என்ன பதில் சொல்லுவ, நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"சயான்ல நிக்கேம்மா. ஒரே ஜாம்."

"எறங்கி ஓடு!"

சயானிலிருந்து செம்பூர் வரைக்கும் ஓட முடியாது என்று அம்மாவுக்கும் தெரியும்.

"மாமா நல்லாத்தான் இருக்காவன்னு நீ அங்க மறுபடி சொன்னியா?"

"சொல்லிச் சொல்லி என் தொண்டத்தண்ணி வத்திட்டு. நான் சொல்லச் சொல்லத்தான் அவ கூடக்கொஞ்சம் அழுதாளாம். 'அப்போ அவிய என்கிட்ட ஒரு வார்த்த பேசட்டும்'ங்கா. இப்போ பேச முடியாதுன்னேன். அதோட விழுந்துட்டா."

இணைப்பு அறுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சைனப், ராணியின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். ஒரே சந்து, ஒரே காலேஜ். ராணியின் எந்த வம்பிலும் பாதிப் பங்கு அவளுக்குத்தான்.

"ஸ்டேட்டஸ டெலீட் பண்ணிட்டேல்ல?"

"பண்ணிட்டேன். ஆனா அதுக்குள்ள எவனோ ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப குரூப்புல போட்டுட்டான். எல்லாரும் கைகூப்பிப் போட்டிருக்காங்க. ஒருத்தர்கூட என்னன்னு கேக்கல சைனப். ஒருத்தர்கூட."

"அரே, யார் கேப்பா? கண்ணீர் அஞ்சலின்னு எழுதி, பக்கத்துல குத்துவிளக்கு வச்சு, மாமா மூஞ்சியப் போட்டா?"

சிக்னல் பச்சையானது. ஆட்டோக்காரர் இரண்டு பஸ்களுக்கு நடுவில் மூக்கை நுழைத்தார்.

பேச்சிராஜா, ராணியின் அம்மாவுக்கு உடன்பிறந்த தம்பி. தாராவியில் அவர்கள் வீட்டு மேல்தட்டில்தான் அவரும் குடியிருக்கிறார். அவர் மனைவி பேராச்சி தலைப்பிரசவத்துக்கு ஊரில் அப்பா வீட்டுக்குப் போயிருக்கிறாள். மாமாவுக்கு உத்தியோகம் வேஷம் கட்டுவது. பிறந்தநாள் பார்ட்டி, கடைத் திறப்பு, பள்ளிக்கூட விழா எதுவானாலும் நீல நிற உடுப்பை மாட்டிக்கொண்டு, சினிமா சூப்பர் ஹீரோ ககன்வீராக நிற்பார். ககன்வீரின் இரண்டாம் படம் இந்த வாரம் வெளியானதால், செம்பூர் மால் ஒன்றில் தியேட்டர் வாசலிலேயே அவருக்கு நாள் முழுக்க நிற்கும் வேலை கிடைத்திருந்தது. அந்த வேலைக்கு இரண்டு சட்டங்கள். உடுப்புக்குள் போன் கூடாது. பிள்ளைகள் பார்க்க முகமூடியைக் கழற்றக் கூடாது. மாமாவின் போன் சூப்பர்வைசர் மேடத்தின் பெட்டியில் பூட்டிக் கிடக்கும். எத்தனை தடவை அடித்தாலும் அடித்துக்கொண்டே இருக்கும். அதைத்தான் பேராச்சி அத்தையும் ஊரிலிருந்து அடித்துப் பார்த்திருப்பாள்.

காலைக் காட்சிக்கு மாமாதான் இரண்டு ஓசி டிக்கெட் வாங்கித் தந்தார். அவர் இன்னும் படத்தைப் பார்க்கவில்லை. "கதைய எவளாவது சொன்னீங்க, கொன்னுருவேன்" என்று சிரித்தார்.

கடைசிக் காட்சியில் ககன்வீர் எரிகிற கோளம் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு மேகத்துக்கு மேலே போனான். நகரம் முழுவதும் அண்ணாந்து பார்த்தது. ஒரு வெளிச்சம். அப்புறம் சாம்பல் மட்டும் மழைபோல இறங்கி வந்தது. ஒரு சின்னப் பெண் கையை நீட்டி அதைப் பிடித்தாள். திரை கறுத்தது.

தியேட்டரில் ஒருவரும் அசையவில்லை. "இரு, எந்திரிப்பான்" என்றது பின்வரிசையில் ஒரு குரல். பெயர்கள் ஓட ஆரம்பித்தன. எல்லோரும் இருந்தார்கள். லைட் போட்டவர், டீ வாங்கிக் கொடுத்தவர் பெயரெல்லாம் ஓடி முடிந்தது. அப்போதும் இருந்தார்கள். விளக்கைப் போட்டுவிட்டு, துடைப்பத்தோடு வந்தவர் இந்தியில் சொன்னார்: "அவ்வளவுதான் சாப், வேற ஒண்ணும் இல்ல. எந்திரிங்க."

அதற்கப்புறம்தான் குழப்பம். ஒருவர் படபடவென்று கைதட்டினார். கூடத் தட்ட ஆளில்லாமல் பாதியில் நிறுத்தி, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். காலேஜ் பையன்கள் கூட்டம் ஒன்று சத்தமாகச் சிரித்தது. அதில் ஒருவன் டீ ஷர்ட்டைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டிருந்தான். "காசத் திருப்பிக் குடு" என்று ஒருவர் காலித் திரையைப் பார்த்துச் சண்டை போட்டார். முன்வரிசை ஆண்ட்டி, "எப்ப செத்தான்? நான் மெசேஜ் பாத்துட்டு இருந்தேனே" என்று பக்கத்தில் இருந்தவரைத் தட்டித் தட்டிக் கேட்டாள். குழந்தைகள் அழுதன.

"சாகல. பாடியக் காட்டினானா? பாடி இல்லன்னா சாவு இல்ல. மூணாவது பார்ட்ல வருவான்" என்றாள் சைனப், வழக்கு நடத்துகிற மாதிரி.

ராணிக்குக் கன்னம் கழுத்து எல்லாம் நனைந்திருந்தது. படத்துக்கெல்லாம் அழுகிறவள் இல்லை அவள். இது எங்கிருந்து வருகிறதென்று அவளுக்கே விளங்கவில்லை. வெளியே வந்தால் வாசலில் ககன்வீர் நின்றுகொண்டிருந்தான். அதாவது மாமா. அவளைப் பார்த்ததும் இரண்டு கட்டைவிரலையும் உயர்த்தினார். அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் விறுவிறுவென்று நகரும் படியில் இறங்கிவிட்டாள்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் அதைச் செய்தாள். தொண்ணூறடிச் சாலையில் நாலு நாளைக்கு ஒரு பேனர் தொங்கும். கூலிங்கிளாஸ் போட்ட அண்ணாச்சி, இரண்டு பக்கமும் விளக்கு, மேலே கண்ணீர் அஞ்சலி, கீழே தாராவி, மும்பை. அதே மாதிரி செய்து தர போனில் ஒரு ஆப் இருந்தது. 'எங்கள் ககன்வீர்' என்று எழுத்துக்கூட்டி அடித்தாள். படம் கேட்டது. மாமாவின் படம் ஒன்றைப் போட்டாள். நீல உடுப்பு, முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மீசையோடு சிரிக்கிற படம். அப்படியே ஸ்டேட்டஸில் வைத்தாள். ஊரில் எல்லோருக்கும் அவர் ககன்வீர் வேஷம் போடுவது தெரியும். புதுப்படத்தில் ககன்வீர் சாகிற கதைதான் யாருக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தாள். எழுந்தபோது வாசலில் செருப்புகள் நிறைந்திருந்தன. உள்ளே பக்கத்துச் சந்துக்காரிகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எதற்கென்று தெரியாமல் அம்மாவும் அழுதுகொண்டிருந்தாள்.

ஆட்டோவிலிருந்து இறங்கி இருவரும் ஓடி வந்தபோது, மாலின் மூன்றாவது மாடியில் அடுத்த காட்சி அப்போதுதான் விட்டிருந்தது. ககன்வீரைச் சுற்றி ஒரே பிள்ளைக்கூட்டம். ஐந்து வயதிருக்கும் ஒரு பையன் அவர் காலைக் கட்டிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "நான் சொன்னேன்ல! சாகல! நான் சொன்னேன்ல!" என்று இந்தியில் அவன் அப்பாவிடம் கத்தினான். அந்த அப்பா போனில் படம் எடுத்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பாட்டா செருப்பு போட்ட ஒருவர் மட்டும், "உள்ள கொன்னுட்டு வெளிய நிப்பாட்டி வச்சிருக்கானுங்க, இதென்ன தமாஷா?" என்று யாரையோ திட்டினார்.

"மாமா! மாமா!"

முகமூடிக்குள் பஞ்சு அடைத்திருக்கும். பாதிதான் கேட்கும். மாமா கட்டைவிரலைக் காட்டினார். கையுறையில் இருந்த பொத்தானை அழுத்தினார். நெஞ்சிலிருந்த ஸ்பீக்கர் முழங்கியது: "பயப்படாதே! நான் இருக்கிறேன்!"

பிள்ளைகள் ஓவென்று கூவினார்கள்.

"மாமா, அத்த—"

"ஏ பெண்ணே, லைன்ல வா." வாக்கிடாக்கியோடு சூப்பர்வைசர் வந்தனா மேடம் குறுக்கே வந்தாள். சைனப் அவள் கையைப் பிடித்து மூச்சுவிடாமல் இந்தியில் கொட்டினாள். மேடத்துக்கு விஷயம் பிடிபட்டதா இல்லையா தெரியவில்லை. "அவர் செத்துட்டாரா? யாரு? இதோ நிக்கிறாரே?" என்றாள். "எதுவானாலும் உள்ள கூட்டிட்டுப் போய்ப் பேசு. இங்க முகமூடிய எடுத்தா என் வேலை போயிடும்."

பையன் காலை விடவில்லை. மாமா மறுபடியும் பொத்தானை அழுத்தினார். "பயப்படாதே! நான் இருக்கிறேன்!"

ராணி எக்கி, முகமூடியின் காதுப்பக்கம் வாயை வைத்துக் கத்தினாள். "பேராச்சி அத்த மயங்கி விழுந்துட்டாவ! ஆஸ்பத்திரில கெடக்காவ! நீங்க செத்துட்டியன்னு நெனச்சு!"

மாமா முகமூடியைப் பிடுங்கி எறிந்தார்.

வேர்வையில் ஊறிய மீசை, நெற்றியில் பஞ்சு பதிந்த தடம். பிள்ளைக்கூட்டம் சட்டென்று அடங்கியது. காலடியில் இருந்த பையன் அண்ணாந்து வெகுநேரம் பார்த்தான். கையைத் தளர்த்தினான். "இது வேற யாரோ" என்றான் அவன் அப்பாவிடம். "அப்போ ககன்வீர் நெஜமாவே செத்துட்டானா?"

வந்தனா மேடம் தலையில் கைவைத்துக்கொண்டாள். மாமா எதையும் பார்க்கவில்லை. ராணியின் போனில் வீடியோ கால் போயிற்று. எடுத்தது பேராச்சியின் அப்பா பிரம்மநாயகம்.

"மாப்ள! ஏ... மாப்ளதானா?" கிழவரின் முகம் திரையில் பாதிதான் தெரிந்தது. "இந்தாம்மா, மாப்ள பேசுதாவ பாரு, பாரும்மா."

கட்டிலில் பேராச்சி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "பழைய வீடியோவப் போட்டுக் காட்டாதியப்பா. எனக்கு எல்லாம் தெரியும்."

"பழசு இல்லம்மா, இப்பம்தான்!"

"சின்னையா செத்ததுக்கும் இப்பிடித்தான சொன்னிய? வயித்துப்பிள்ளக்காரிட்ட சொல்லக்கூடாதுன்னு, மதுரைல கண்ணு ஆப்ரேஷன்னிய. மூணு மாசம் கழிச்சுல்லா எனக்குத் தெரியும்."

வயிற்றில் பிள்ளை இருக்கிறவளிடம் ஊரில் எந்தச் சாவையும் சொல்வதில்லை. அதனால் "நல்லாத்தான் இருக்கான்" என்று அம்மா ஒவ்வொரு தடவை சொன்னபோதும், அத்தைக்கு அது இன்னொரு ஆணி. மதியத்திலிருந்து எல்லோரும் கூடி அவளுக்கு அதைத்தான் அடித்திருக்கிறார்கள். ராணிக்கு அப்போதுதான் அது உறைத்தது.

"பேராச்சி, இங்க பாரு. நான்தான்." மாமாவின் குரல் உடைந்தது.

அவள் திரும்பவில்லை.

"ஏ! இந்தா, என்னமும் கேளு. எதையாவது கேளு, பதில் சொல்லுதேன்."

"வீடியோட்ட என்னத்தக் கேக்க?"

"யாரு வீடியோ? ஒங்கப்பா போனப் பிடிச்சிருக்க லெச்சணத்துல எனக்கு அவர் மூக்குதான் தெரியிது. மாமா, அந்தப் போனக் கொஞ்சம் கீழ எறக்குங்களேன்! நான் எம் பொண்டாட்டியப் பாப்பேனா, ஒங்க மூக்கப் பாப்பேனா?"

பிரம்மநாயகம் பதறிப்போய் போனை இறக்கினார். பேராச்சியின் தோள் அசைந்தது. மெதுவாகத் திரும்பினாள். வீங்கிய கண்ணால் திரையைப் பார்த்தாள். அப்புறம் அவளிடமிருந்து வந்த சத்தம் அழுகையா சிரிப்பா என்று ராணியால் பிரிக்க முடியவில்லை. மாலுக்கு நடுவில், நீல உடுப்போடு, மாமா அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பக்கம் ஒரு நர்ஸ் வந்தாள். வலி இன்னும் விட்டுவிட்டு வருகிறது, பிள்ளையின் துடிப்பு சீராக இல்லை, ராத்திரி வரைக்கும் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று பிரம்மநாயகத்திடம் சொன்னது இங்கேயும் கேட்டது. மாமா ராணியைத் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

"வெளாட்டுக்குத்தான் மாமா... படத்துல அவன் செத்துட்டான், அதான் நான்..."

"படத்துல செத்துட்டானா?" மாமாவுக்கு அதுவே புதுச்செய்தி. "ககன்வீரா?"

"ஏங்க, அவள ஒண்ணும் சொல்லாதிய" என்றாள் பேராச்சி, மூச்சு வாங்க. "போன அவ கையில குடுங்க."

ராணி போனை வாங்கினாள். அத்தை கோபப்படவில்லை. நிஜமாகவே விளங்காததை விளங்கிக்கொள்ளக் கேட்கிறவள் போல, வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மெல்லக் கேட்டாள்.

"ராணி, அந்தப் படத்துக்காரன் மூஞ்சிதான் ரோடு பூரா ஒட்டியிருக்குமே. முகமூடி போட்டதுன்னாலும் ஆயிரம் கெடைக்கும். அவ்வளவையும் விட்டுட்டு, நீ எதுக்குட்டி என் வீட்டுக்காரர் மூஞ்சியப் போட்ட?"