வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

மூன்றாம் வகுப்பு டீச்சருக்கு அந்த வாரம் தலைக்கு மேல் வேலை. பிள்ளைகள் முதலில் டேப்லெட்டில், படம் வரையும் இணையதளத்தில், தங்கள் வீட்டை அறை அறையாக வரைய வேண்டும். பிறகு அதையே அட்டையில் வெட்டி ஒட்ட வேண்டும். படங்களை உடனுக்குடன் பெற்றோர் போனுக்கு அனுப்பிவைத்ததும் டீச்சர்தான்.

பட்டாணி என்று எல்லோரும் கூப்பிடும் சிறுமி, குளியலறைக் கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் வரைந்திருந்தாள். அட்டையிலும் அதே இடத்தில் ஒரு தீக்குச்சியைப் பிடித்துக்கொண்டு, டீச்சர் கையிலிருந்த, பசையை உருக்கி ஒட்டும் சூடான குளூ கன்னுக்காகக் காத்திருந்தாள்.

“தாழ்ப்பாள் உள்பக்கம்தானேடா கண்ணு இருக்கும்?”

“உள்ளயும் இருக்கு டீச்சர். இது அம்மாவுக்கு. அப்பா வேலைக்குப் போறப்ப அம்மாவை உள்ள வச்சுப் போட்டுட்டுப் போவாரு.”

“இன்னைக்குமா?”

“தினமும்தான்.”

டீச்சர் பள்ளி ஆயாவை அழைத்து, தலைமையாசிரியையிடம் சொல்லிப் போலீஸைக் கூப்பிடச் சொன்னார். ஆயா அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் வாசலில் ஓர் ஆள் வந்து நின்றான். இஸ்திரி கலையாத சட்டை, கையில் போன். பட்டாணி மேசைக்கடியில் புகுந்துகொண்டாள்.

“என் பொண்ணு என்னமோ வரைஞ்சிருக்காளாமே” என்றான் மெதுவாக.

“வெளிய நில்லுங்க சார். வகுப்பு நடக்குது.”

அவன் சிரித்தான். தரையில் வரிசையாக இருந்த அட்டை வீடுகளை ஒவ்வொன்றாக மிதித்து நசுக்கிக்கொண்டே வந்தான். மகளைத் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். குறுக்கே விழுந்த டீச்சரின் தலையைக் கரும்பலகையில் மோதினான். நெற்றி கிழிந்து கண்ணில் ரத்தம் இறங்கியது. அவன் தூக்கி அடித்த நாற்காலியில் டீச்சரின் இடது மணிக்கட்டு மளுக்கென்று முறிந்தது. வலது கையில் குளூ கன் இன்னும் இருந்தது. அதன் கொதிக்கும் மூக்கை அவன் கழுத்தில் வைத்து அழுத்தினார்.

தோல் பொசுங்கும் நாற்றம் வந்தது. அவன் அலறிக்கொண்டு மகளை விட்டான், முட்டி போட்டு விழுந்தான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். டீச்சர் குனிந்து, அவன் கன்னத்தில் இன்னொரு தடவை வைத்தார். வாட்ச்மேனும் வேன் டிரைவரும் ஓடிவந்து அவனைக் கவிழ்த்துப் போட்டார்கள்.

போலீஸ் அந்த வீட்டுக் குளியலறையைத் திறந்தபோது பட்டாணியின் அம்மா இரண்டு விலா எலும்பு முறிந்து கிடந்தாள். பிழைத்துவிட்டாள். அவனை உள்ளே தள்ளினார்கள்.

“அவன் விழுந்த பிறகும் சூடு வச்சீங்களா?” என்று பெண் இன்ஸ்பெக்டர் கேட்டார்.

பக்கத்திலிருந்த தலைமையாசிரியை, சொல்லாதே என்பதுபோல் டீச்சரின் காலை மிதித்தார். ஆனாலும் டீச்சர், “ஆமா மேடம், வச்சேன். படத்தை அவனுக்கு அனுப்பினதும் நான்தான்” என்றார். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து டீச்சர் கட்டுப்போட்ட கையோடு வகுப்புக்கு வந்தார். தேதி எழுத வலது கையைத் தூக்கினார். முன்வரிசைப் பிள்ளைகள் தலையைக் குனிந்து கைகளால் மறைத்துக்கொண்டார்கள்.

டீச்சர் சாக்பீஸை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். வெகுநேரம் யாரும் கிட்டே வரவில்லை.